தீர்ப்புக்குப் பிறகும் ஏன் நிலம் வரவில்லை? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

கோர்ட் தாமதம் பற்றிய உங்கள் கட்டுரையில் நீதிபதிகள் போதாது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் குடும்பத்தின் பாகவழக்கு 2009இல் போட்டது. 2017இல் எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று தீர்ப்பும் வந்துவிட்டது. இன்றுவரை ஒரு சென்ட் நிலம் கைக்கு வரவில்லை. வக்கீலைக் கேட்டால் "இன்னும் ஃபைனல் டிக்ரி போடணும், அப்புறம் இ.பி. போடணும்" என்கிறார். ஜெயித்த வழக்குக்கு மறுபடி எதற்கு மனு? இதற்கும் நீதிபதிகள் பற்றாக்குறைதான் காரணமா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

பற்றாக்குறை பொய்யில்லை. பத்து லட்சம் மக்களுக்கு 10.5 நீதிபதிகள் என்பதை ஐந்து ஆண்டில் 50 ஆக்கச் சொன்னது 1987இல் வந்த சட்ட ஆணையத்தின் 120ஆவது அறிக்கை. இன்று சுமார் 21இல் நிற்கிறோம். ஆனால் உங்கள் வழக்கு நின்றுபோன இடம் வேறு.

உங்களுக்குக் கிடைத்தது முதல்நிலை டிக்ரி. பங்கு எவ்வளவு என்று மட்டும் அது சொல்லும். கிணறு யாருக்கு, ரோட்டோர நஞ்சை யாருக்கு என்று சொல்லாது. அதற்கு வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் சர்வேயரோடு போய் அளந்து, பங்கு பிரித்து, வரைபடத்தோடு அறிக்கை தருவார். சர்வேயர் தேதி கொடுக்க மாதங்கள் ஆகும். அறிக்கை வந்ததும் எதிர்த்தரப்பு ஆட்சேபணை போடும். அறிக்கை ரத்தானால் மறுபடி அளவை. இத்தனையும் தாண்டித்தான் இறுதி டிக்ரி.

முதல்நிலை டிக்ரி வந்ததுமே வழக்குக் கட்டை (ஆவணங்களை) முடிந்த வழக்குகளோடு சேர்த்துவிடும் பழக்கம்தான் இங்கே முக்கியமான கோளாறு. யாராவது மனு போட்டு எழுப்பும்வரை அது தூங்கும். 2009இலேயே உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்து, முதல்நிலை டிக்ரி, இறுதி டிக்ரி, நிறைவேற்றம் மூன்றும் ஒரே ஓட்டமாக நடக்கும்படி சட்டத்தை மாற்றச் சொன்னது. மாறவில்லை. 2022இல் கேரள வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது: முதல்நிலை டிக்ரி கொடுத்த கையோடு அடுத்த கட்டத்துக்குக் கோர்ட்டே தேதி போட வேண்டும், தேதி குறிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது, தனி வழக்காக எதையும் தொடங்கத் தேவையில்லை. பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே விஷயத்தை இரண்டு முறை!

இறுதி டிக்ரிக்கு அப்பால், அதைச் செயல்படுத்தித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு இருக்கிறது; உங்கள் வக்கீல் சொன்ன இ.பி. அதுதான். டிக்ரி வாங்கிய பிறகுதான் இந்திய வழக்காளியின் கஷ்டம் தொடங்குகிறது என்று பிரிட்டிஷ் காலத்து உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் 1872இல் சொன்னது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. 2025 மார்ச்சில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில், எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. வந்த கணக்கு: நிலுவையில் 8.82 லட்சத்துக்கும் மேல். கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியரான அமீனா கதவைத் தட்டும் நாளில், பெயரே கேள்விப்படாத ஒருவர் "இந்த இடம் என்னுடையது" என்று மனுவோடு நிற்பார். அந்த மனு ஒரு முழு வழக்கைப் போலவே விசாரிக்கப்படும். வழக்கின் தொடக்கத்திலேயே சொத்தில் யார் யார் அனுபவத்தில் இருக்கிறார்கள் என்று பிரமாண வாக்குமூலம் வாங்கி, அவர்களையும் வழக்கில் தரப்பினராகச் சேர்த்துவிட்டால் இதில் பாதிக்கு வழியே இருக்காது.

கெடுக்கள் நம் சட்டத்தில் ஏராளம். மீறினால் வலிப்பதுதான் இல்லை. பிரதிவாதி எழுதித் தரும் பதிலான எதிருரைக்கு 30 நாள், அதிகபட்சம் 90. சாதாரண சிவில் வழக்கில் அது கட்டாயமில்லை என்று தீர்ப்பாகிவிட்டதால் தாமத மன்னிப்பு மனு ஒரு சடங்காகிவிட்டது. வணிக நீதிமன்றத்தில் 120 நாள் தாண்டினால் எதிருரை உரிமையே போச்சு. அங்கே வக்கீல்கள் நேரத்துக்குத் தாக்கல் செய்கிறார்கள்! வாய்தாவுக்கு அபராதம் கட்டாதவர் மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது என்று சிவில் நடைமுறைச் சட்டம் 35பி பிரிவு சொல்கிறது. புது மசோதா எதுவும் இல்லாமல் நாளைக்கே பயன்படுத்தக்கூடியது அது. வக்கீல் சங்கத்தின் முகச்சுளிப்பைத் தாங்கும் நீதிபதி வேண்டும், அவ்வளவுதான்.

சம்மனைப் பற்றி ஒரு வரி: வாதியே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, கேட்பவர்கள் குறைவு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இறுதி டிக்ரி கேட்கக் காலவரம்பு இல்லை, அதனால் 2017 பற்றிப் பயப்பட வேண்டாம். அதே வழக்கு எண்ணிலேயே மனு போடச் சொல்லி, கமிஷனரையும் கேளுங்கள். கட்சிக்காரர்களில் இடையில் இறந்தவர்கள் இருந்தால் வாரிசுச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். இல்லையென்றால் எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபணையே அதுவாகத்தான் இருக்கும். இறுதி டிக்ரி வந்ததும் அதை எழுதுவதற்கான முத்திரைத்தாளை உடனே தாக்கல் செய்யுங்கள். முத்திரைத்தாளில் எழுதிய பிறகுதான் நிறைவேற்றத்துக்கான 12 ஆண்டுக் கெடு ஓடத் தொடங்கும் என்று பலர் நம்பி ஏமாந்திருக்கிறார்கள். டிக்ரி தேதியிலிருந்தே அது ஓடுகிறது.