ஏலத்தில் எடுத்த ரோலெக்ஸ்: டெபாசிட்டை முடித்து வாங்கலாமா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வயது 61. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றேன். பி.எஃப். பணத்தில் 9 லட்சம் வங்கி டெபாசிட்டில் இருக்கிறது. என் மச்சானின் துபாய் நண்பர் ஒரு பழைய ரோலெக்ஸ் வாட்சை 9 லட்சத்துக்குத் தருகிறாராம். வெளிநாட்டு ஏலத்தில் எடுத்தது, பெட்டி, வாரண்டி கார்டு, பில் எல்லாம் இருக்கிறது, மூன்று வருடத்தில் விலை இரண்டு மடங்காகும் என்று மச்சான் சொல்கிறார். ஏலக்காரர்களே பார்த்து விற்ற வாட்சில் போலி வருமா?

பதில்: டெபாசிட்டில் கை வைக்காதீர்கள் ஐயா. ஆனால் மச்சானிடம் வெறுமனே வேண்டாம் என்றால் எடுபடாது, காரணம் வேண்டும். அதனால் உங்கள் கேள்வியையே பிடித்துக்கொள்கிறேன்.

ஏலத்தில் போலி வரும், அதுவும் பெரிய இடத்திலேயே வரும். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில், 1957-ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று சொல்லப்பட்ட ஒமேகா கம்பெனியின் ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் ஒன்று 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகாவின் சொந்த மியூசியம். பல வாட்சுகளில் இருந்து பாகங்களை எடுத்துக் கோத்த வாட்ச் அது என்பது 2023-ல் வெளியே வந்தது. தன் முன்னாள் ஊழியர்கள் மூன்று பேருக்கு இதில் பங்கு உண்டு என்று ஒமேகாவே சொன்னது. செய்த கம்பெனியே தன் பொருளை வாங்கி ஏமாந்திருக்கிறது, நாம் எம்மாத்திரம்!

முழுப் போலியைப் பின்மூடியைத் திறந்ததுமே நல்ல மெக்கானிக் சொல்லிவிடுவார். கஷ்டம் இந்தக் கலப்படத்தில்தான். கேஸ் அசல், மெஷின் வேறு வாட்சினுடையது, டயலுக்குப் புதுப் பெயின்ட். நம் நாட்டிலேயே பழைய எச்.எம்.டி., ஃபாவ்ரே லூபா மெஷின்களுக்குப் புது டயல் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அங்கே சில ஆயிரத்தோடு போகும், உங்களுக்கு 9 லட்சம்.

பெட்டியும் கார்டும் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. கார்டில் உள்ள எண் அசலாகவே இருந்தாலும், அந்த எண்ணில் ஒரு வாட்ச் வெளியானது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. ஆர்.சி. புக் சரியாக இருப்பதால் வண்டியில் இருப்பது அதே இன்ஜின்தான் என்று சொல்ல முடியுமா?

சரி, ஏல பில் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். கிறிஸ்டீஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்கு அசல் உத்தரவாதம் தருகின்றன. அது ஏலத்தில் எடுத்தவருக்கு மட்டும்தான், அவரிடம் இருந்து வாங்குபவருக்குக் கைமாறாது. போலி என்று தெரிந்தால் நீங்கள் ஏல நிறுவனத்தின் வாசலுக்கே போக முடியாது. மச்சானின் நண்பர் வியாபாரி இல்லை, நீங்களும் லாபத்துக்கு விற்கத்தான் வாங்குகிறீர்கள். அதனால் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கு நிற்பது கடினம்.

துபாய் சரக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு சேர்த்து வாட்சையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் பொருள் என்று அதிகாரிகள் பறிமுதல் செய்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருந்தவர். வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு நின்றாலும் நிற்கும். போலியை அடுத்தவர் தலையில் கட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். போலி வர்த்தக முத்திரை உள்ள பொருளை விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. தெரியாமல் விற்றேன் என்று வாதாடலாம்தான், ஆனால் எனக்கு இந்தக் கேள்வியை எழுதிய பிறகு அது கொஞ்சம் கஷ்டம்!

அசலாகவே இருந்தாலும் 'இரண்டு மடங்கு' கணக்கை நான் நம்பவில்லை. பழைய ரோலெக்ஸ் விலைகள் 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு நன்றாகவே இறங்கின. வாட்சுக்கு வட்டி கிடையாது. அவசரத்துக்கு நகை போல வங்கியில் அடகு வைக்கவும் முடியாது. அதே 9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், நான் இதை எழுதும்போதுள்ள 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் வரும். வங்கி டெபாசிட் முதிரும் வரை பொறுத்து, பிறகு தபால் நிலையத்திலோ வங்கியிலோ கணக்கைத் தொடங்குங்கள்.

மச்சான் விடவே மாட்டேன் என்றால், பழியைத் தூக்கி என் மேல் போட்டுவிடுங்கள். ரோலெக்ஸின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் நண்பர் தன் பெயரில், தன் செலவில் சர்வீஸுக்குக் கொடுக்கட்டும். போலிப் பாகம் இருந்தால் அவர்கள் வேலை செய்து தர மாட்டார்கள். அந்த ரசீதும் சுங்க ரசீதும் கையில் வராமல், பிடித்து வைக்க என்று பத்தாயிரம்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.