ஈசிஜி நார்மல் என்றால் வலி பொய்யாகிவிடுமா?

"இடது மார்பில் இரண்டு மாதமாக வலி. ஈசிஜி, எக்ஸ்ரே நார்மல். விலா குருத்தெலும்பில் அழற்சி, கோஸ்டோகான்ட்ரைட்டிஸ் என்கிறார் டாக்டர். என்ன சிகிச்சை எல்லாம் உண்டு?" என்று கேட்டிருக்கிறீர்கள். "அதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லியாச்சே, பிறகென்ன" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த 'ஒண்ணுமில்லை'யை வாரக்கணக்கில் கேட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. வீட்டுக்காரர் வெளுப்புக்கு முன்னே பால் வெட்டப் போவார். பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது என் வேலை. கையால் சுற்றும் ரோலர்தான். போன மழைக்கு மூன்று வாரம் விடாத இருமல். இருமலோடேயே சுற்றினேன். ஒருநாள் கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஊசி இறக்கினதுபோல ஒரு குத்து. அன்றிலிருந்து தும்மினால் வலி, புரண்டு படுத்தால் வலி. தும்மல் வருமுன்னே தலையணையை எடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

பயந்துவிட்டேன். என் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது வாயுதான் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம். விடியுமுன் போய்விட்டார். அதனால் உடனே ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். அங்கிருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல, கேஸ்" என்று மாத்திரை எழுதினார். எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் கேஸ் மாத்திரை தின்றேன். மாமியார், "எனக்க காலத்துல பிள்ளை பெத்த பதினைஞ்சாம் நாளு பால் சுமந்தேன்" என்றார். அந்தச் சொல் வலியைவிட அதிகம் நொந்தது.

இடையில் வர்ம வைத்தியம் செய்கிற ஒருவர், "நரம்பு பிசகிக் கிடக்கு" என்று எண்ணெய் விட்டு விலாவை அழுத்தி உழிந்தார். இரண்டு ராத்திரி சுவரில் சாய்ந்தபடிதான் தூங்கினேன். வர்மத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என் தாத்தாவே வர்மத்தோடு சேர்ந்த தற்காப்புக் கலையான அடிமுறை படித்தவர், எனக்கு அதில் மரியாதை உண்டு. அழற்சியில் இருக்கும் குருத்தெலும்பைப் பலமாக அழுத்தினால் கூடத்தான் செய்யும் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. முதலில் இன்னொரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். பிறகு ஒற்றை விரலால் நெஞ்செலும்பின் ஓரமாக ஒவ்வொரு விலாவாக அழுத்திக்கொண்டே வந்தார். நாலாவது விலாவில் நான் அலறிவிட்டேன். "இந்த வலிதானா அக்கா?" என்றார். அந்த வலியேதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் இது தெரியாதாம், விரலில்தான் தெரியுமாம். பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்தாவது விலா வரைதான் வருமாம். அந்த இடத்தில் வீக்கமும் இருந்தால் அது டீட்சே நோய். 1921இல் அதை எழுதிய ஜெர்மானிய சர்ஜனின் பெயர் அது.

எனக்குத் தந்த வைத்தியம்: வலியையும் அழற்சியையும் குறைக்கும் நேப்ராக்சன் மாத்திரை இரண்டு வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு, கூடவே வயிற்றுக்கு ஒரு மாத்திரை. மேலே தடவ டைக்ளோஃபெனாக் ஜெல். காலையும் ராத்திரியும் வெந்நீர்ப் பை ஒத்தடம், ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோலரைத் தொடக்கூடாது. உண்மையில் என்னைத் தேற்றியது இந்தக் கடைசிக் கட்டளைதான் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் ஷீட் அடித்தார், ஆள் கிடைக்காத நாளில் பாலாகவே விற்றோம். இருமலுக்கும் தனியாக மருந்து தந்தார். இருமல் நிற்காமல் இது ஆறாது. வலி அடங்கத் தொடங்கியதும் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றி மெல்ல முன்னால் சாய்ந்து நெஞ்சை விரிக்கும் பயிற்சி. சுள்ளென்றால் உடனே நிறுத்தச் சொன்னார்.

இவ்வளவுக்கும் கேட்காவிட்டால் அந்த இடத்திலேயே ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் சேர்த்து ஊசி போடுவார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. விலாவுக்கு அடியில் நுரையீரல் இருப்பதால் கைப்பழக்கம் உள்ளவர்தான் போடவேண்டும். முழுதாக ஆற எனக்கு மூன்று மாதம் பிடித்தது. சிலருக்குக் கூடுதலும் ஆகும், திரும்பவும் வரும்.

நான் டாக்டர் இல்லை. என் சீட்டைப் பார்த்துக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். அல்சர், கிட்னிக் கோளாறு, ஆஸ்துமா, பிரஷர், இதய நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த வகை மாத்திரை ஆபத்தாகலாம். அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயம் இல்லை என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம். வியர்வை, மூச்சுமுட்டல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம் என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு நாங்கள் கூப்பிடவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆசாரிப்பள்ளம் போய்வந்த ஒவ்வொரு தடவையும் அந்த ரோடு என் விலாவைப் பெயர்த்தது. கேரளாவுக்கு மலையை உடைத்த கல்லும், கல்லைப் பொடித்த எம் சாண்டு மணலும் ஏற்றிப்போகும் பெரிய லாரிகள் ஓடி ஓடி எங்கள் பக்கத்து ரோடெல்லாம் குழி. ஆட்டோ ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்குவேன். மலையும் போகிறது, ரோடும் போகிறது, நோயாளி என்ன செய்வாள்?

உங்களுக்கு இருமல் இருந்ததா? இல்லை, புதிதாக ஏதாவது பாரம் தூக்கினீர்களா, ஜிம்மில் சேர்ந்தீர்களா? இரண்டு மாதமாக அதே வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். அடுத்த தடவை போகும்போது டாக்டரிடமும் அதை முதலில் சொல்லுங்கள்.