அந்த ஓக் மரத்தை வெட்டாதீங்க, தம்பி

தம்பி, அமெரிக்காவுல வீடு வாங்கிக் குடிவர்றதைப் பத்தி நீங்க கேட்டதுல, லைசென்ஸ், பள்ளிக்கூடம் பத்தியெல்லாம் பத்துப் பேர் பதில் சொல்வாங்க, நான் விட்டுடறேன். மேரிலாந்து மாநிலத்து ராக்வில்ல பார்த்திருக்கிற வீட்டுக்குப் பின்னாடி ஓக் மரம் இருக்கு, 17 வருஷத்துக்கு ஒருதரம் சில்வண்டு கிளம்புமாம், வெட்டிடலாமான்னு கேட்டீங்களே, அதுக்கு மட்டும் சொல்றேன். வெட்டாதீங்க.

2004 மே மாசம். நாங்க மேரிலாந்து வந்து மூணே வாரம். ஒருநாள் காலையில கதவைத் திறந்தா மரம், சுவர், பிள்ளை வண்டி, எங்க பார்த்தாலும் சிவப்புக் கண்ணோட வண்டு. பத்து மிக்சி ஒண்ணா ஓடற மாதிரி இரைச்சல். இடுப்புல 7 மாசக் குழந்தை. வீடு பிடிச்சுக் கொடுத்தவர் நம்ம ஊர்க்காரர்தான். பல வருஷமா இங்க இருக்கிறவர், ஒரு வார்த்தை சொல்லலை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகலை. பயத்துல மருந்து வாங்கி அடிச்சேன். அடிக்க அடிக்க வந்துக்கிட்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒண்ணை எடுத்துத் தன் கையில விட்டுக் காட்டினாங்க. கடிக்காது, கொட்டாது.

இதே மேரிலாந்துல பெஞ்சமின் பானேக்கர்னு ஒரு கறுப்பின அறிஞர் இருந்தார். 1749ல, 17 வயசுல, பயிரைத் தின்னுடும்னு இதுங்களைக் கொல்லப் பார்த்து, வீண் வேலைன்னு விட்டுட்டார். அப்புறம் 1766, 1783ல வந்ததையும் பார்த்து, 1800ல வரும்னு எழுதி வச்சார்.

2021ல வந்ததுங்க மெல்லிய கிளையைக் கீறி முட்டை வச்சிட்டுப் போச்சு. ஆறேழு வாரத்துல பொரிஞ்ச எறும்பளவு குஞ்சுங்க மண்ணுக்குள்ள போயி, வேர்ச் சாறு குடிச்சுக்கிட்டு நீங்க வாங்கப் போற வீட்டுக்கடியில இருக்கு. 2038ல மண்ணுச் சூடு 18 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் ஏறி வரும். சிலது நாலு வருஷம் முந்திக்கும், 2017ல அப்படி வந்தது. மேல வந்தா ஒரு மாசம், ஒன்றரை மாசம்தான் ஆயுசு. பெரிய மரத்துல கிளை நுனி கொஞ்சம் காயும், அவ்வளவுதான். இளங்கன்னு இருந்தா பொடிக்கண் வலை போர்த்துங்க. நாய் இருந்தா அள்ளித் தின்னாம பார்த்துக்கங்க.

மரம் போனா அதுங்களும் போச்சு. கனெக்டிகட் மாநிலத்துல இந்தச் சில்வண்டுல ஒரு கூட்டம் 1954க்கு அப்புறம் வரவே இல்லை. நம்ம ஆளுங்க வீடு வாங்கின கையோட, இலை கூட்ட முடியலைன்னு மரத்தை வெட்டி சிமென்ட் போடறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

2021ல மருந்து டப்பாவைத் தொடவே இல்லை. சாயங்காலம் மரத்தடியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இடுப்புல இருந்த அந்தக் குழந்தைதான், என்னைவிட உயரமா வந்து நின்னு, ஒரு வண்டைப் பிடிச்சு என் சேலைத் தோள்ல விட்டா.