தவறான கடவுச்சொல்லுக்கு எச்சரிக்கை ஒலி: டாஸ்க் ஓடியும் சத்தம் வராதது ஏன்?

விண்டோஸில் யாராவது கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால் எச்சரிக்கை ஒலி எழுப்ப, டாஸ்க் ஷெட்யூலரில் (ஒரு நிகழ்வு நடந்ததும் குறித்த வேலையைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவி) ஒரு டாஸ்க் அமைத்திருக்கிறீர்கள். அது ஓடுகிறது, ஹிஸ்டரியில் முடிந்ததாகவும் காட்டுகிறது, ஆனால் சத்தமே இல்லை என்கிறீர்கள். தோல்வியடைந்த உள்நுழைவைக் குறிக்கும் 4625 நிகழ்வைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

டாஸ்க்கின் ஜெனரல் தாவலில் 'ரன் வெதர் யூசர் இஸ் லாக்டு ஆன் ஆர் நாட்' தேர்வாகியிருக்கும். அப்படி ஓடும் டாஸ்க் உங்கள் டெஸ்க்டாப்போடு தொடர்பில்லாத செஷன் 0-வில் ஓடுகிறது; அதன் ஒலி உங்கள் காதுக்கு வராது. 'ரன் ஒன்லி வென் யூசர் இஸ் லாக்டு ஆன்' என்று மாற்றுங்கள். திரை பூட்டியிருந்தாலும் உங்கள் செஷன் உயிரோடு இருப்பதால் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகி யாரும் இன்னும் உள்ளே நுழையாத நேரத்தில் மட்டும் கேட்காது.

அடுத்து, டாஸ்க் ஓட்டும் பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை நிரல்) வரி. அதில் ஒலிக்கோப்பை இயக்கும் சவுண்ட்பிளேயரில் 'பிளே' என்று அழைத்தால் ஒலி தொடங்கியதுமே பவர்ஷெல் மூடிக்கொள்ளும், ஒலியும் அறுந்துவிடும். 'பிளேசிங்க்' என்று அழையுங்கள். கோப்பு வேவ் வடிவில்தான் இருக்க வேண்டும், எம்பி3 எடுபடாது.

லேப்டாப் என்றால் கண்டிஷன்ஸ் தாவலில், ஏசி மின்சாரம் இருந்தால் மட்டும் தொடங்கும் என்ற குறி முன்கூட்டியே இருக்கும். எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியில் இருக்கும்போது டாஸ்க் தொடங்கவே தொடங்காது.

4625 நிகழ்வில், எந்த வழியாக நுழைய முயன்றார்கள் என்பதைக் காட்டும் லாகான் டைப் எண்ணையும் பாருங்கள். 2 அல்லது 7 என்றால் உங்கள் கணினி முன்னால் உட்கார்ந்து யாரோ முயன்றிருக்கிறார்கள். 3 என்றால் நெட்வொர்க் வழியாக வந்தது: பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கும் வீட்டுக் கணினியாகவும் இருக்கலாம். ஆனால் அறிமுகமில்லாத ஐபி முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால், ஒலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ரவுட்டரில், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை முதலில் மூடுங்கள்.