யார் வாசலில் போய்க் கத்துவது?

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக உங்களை வாசித்துவருகிறேன். உங்களை மரபுவாதி என்று நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு எட்டு ஒன்பது மாதம்தான் இருக்கிறது. கூட்டணி, புதிதாக வந்திருக்கும் நடிகர் கட்சி, ஆளுநர் சண்டை எதைப் பற்றியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கண்மாய், மடை, கிராம சபை என்று பேப்பரின் மாவட்டப் பக்கத்தையே மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். இது தப்பித்தல் இல்லையா?

ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தீர்கள். எங்கள் ஊர்த் தலைவர் வந்த நாலே வருடத்தில் மாடி வீடு கட்டிவிட்டார். இதற்கு, தலைவர் இல்லாத ஊருக்கு அரசு நியமிக்கும் தனி அலுவலரே மேல் என்பேன். அப்புறம், மரபு மரபு என்கிறீர்களே, அந்த மரபில்தானே சாதி இருக்கிறது? உங்கள் முன்னோடி ராஜாஜி என்றால் குலக்கல்வியும் உங்களுடையதுதானே? கடைசியாக ஒன்று. என் அப்பா உங்களை ரகசிய பாஜக என்கிறார், என் நண்பன் ரகசியக் காங்கிரஸ் என்கிறான். நீங்கள் எந்தப் பக்கம்?

ச., தென்காசி, 2025 ஆகஸ்ட்

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில். நான் யாருக்கு ஓட்டுப் போடுகிறேன் என்பது என் மனைவிக்கே தெரியாது. அப்பாவும் நண்பரும் தொடர்ந்து சண்டை போடட்டும்.

கூட்டணி பற்றி எழுதாததற்குக் காரணம் எளியது. அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கூடுதலாக ஒன்றும் தெரியாது. ஆளுநர் விவகாரத்தில் என் நிலை ஒரே வரிதான்: தேர்ந்தெடுக்கப்பட்ட சபை நிறைவேற்றிய மசோதாவை நியமனத்தில் வந்தவர் காலவரையில்லாமல் முடக்கிவைக்கக் கூடாது. இதே வரியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள், நான் ஏன் ஊராட்சியைப் பற்றியே பேசுகிறேன் என்பது புரியும்.

நீங்கள் தென்காசிக்காரர் என்பதால் உங்களுக்கு இது உறைத்திருக்காது. தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் இரண்டு தவணையாக நடந்தது. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமாக மீதி ஒன்பதில் 2021 அக்டோபரில். தென்காசி அந்த ஒன்பதில் ஒன்று. அதனால் உங்கள் ஊரில் இன்னும் தலைவர் இருக்கிறார், மாடி வீட்டோடு. எங்கள் சிவகங்கை மாவட்டம் முதல் தவணை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் தலைவர்களின் காலம் முடிந்தது. ஒன்பதாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள், ஒரே நாளில் காலி. இன்றுவரை தனி அலுவலர் ஆட்சிதான்.

அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. ஐந்தாண்டுதான் ஆயுள், அது முடிவதற்குள் தேர்தல் நடந்திருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு ஐந்தாண்டு முடிந்து எட்டு மாதம் தேர்தலே இல்லையென்றால் நாடே கொந்தளிக்கும். ஊராட்சிக்கு என்றால் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி. அந்த நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

இதில் கட்சி பார்க்க ஒன்றுமில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் அதிமுக அரசு மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தடித்தது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த திமுக ஊர் ஊராகப் போய் ‘ஊராட்சி சபை’ என்று கூட்டம் போட்டு, உள்ளாட்சியைக் கொன்றுவிட்டார்கள் என்று பேசியது. நானும் ஒரு கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன், நன்றாகத்தான் பேசினார்கள். 2021இல் நாற்காலி மாறியது. மாநில சுயாட்சிக்கு 1969இல் ராஜமன்னார் குழு, 2025இல் குரியன் ஜோசப் குழு. தில்லி நம் அதிகாரத்தைப் பிடுங்குகிறது என்ற குற்றச்சாட்டில் பாதிக்கு மேல் நான் உடன்படுகிறேன். ஆனால் தில்லியிடம் சென்னை கேட்பதைத்தானே சென்னையிடம் ஒவ்வொரு ஊரும் கேட்கிறது? 2025 ஏப்ரலில்தான் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டம் நிறைவேறியது. மனதார வரவேற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் அப்படி நியமிக்கப்படுகிறவர் எந்த மன்றத்தில் போய் உட்காருவார்?

இனி உங்கள் மாடி வீடு. ஆகஸ்ட் 15 அன்று எங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். தனி அலுவலர் வரவில்லை, ஒன்றியம் முழுக்க அவர் பொறுப்பு என்றால் எத்தனை ஊருக்குத்தான் போவார்? கூட்டத்தைக் கவனிக்க ஒரு பற்றாளர் வந்திருந்தார். சின்னப் பையன், வேறு ஏதோ துறை, பாவம், மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊராட்சிச் செயலர் பொருள் ஒவ்வொன்றாக மடமடவென்று வாசித்தார். நோட்டில் கையெழுத்து வாங்கும் வேலை தொடங்கியது. அப்போது வடக்குத் தெரு அக்கா ஒருத்தி எழுந்தாள். அவள் தெருவில் போர் மோட்டார் எரிந்து போய் ஒன்றரை மாதம். “ஒன்றிய ஆபீசுல மனு குடுத்திருக்கீங்களாம்மா?” என்றார் பற்றாளர். அவள் சொன்னாள்: “தலைவரு இருந்தப்ப விடியக்காலையில அவரு வீட்டு வாசல்ல போயி கொடத்தப் போட்டுட்டுக் கத்துவோம் தம்பி. அந்தாளும் திருடன்தான். ஆனா பத்து மணிக்குள்ள ஆள் வந்துரும். இப்ப யார் வாசல்ல போயிக் கத்துறது?”

எல்லோரும் சிரித்தோம். பற்றாளரும் சிரித்தார். மோட்டார் இன்னும் வரவில்லை.

உங்கள் தலைவர் மாடி வீடு கட்டியதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கும். தனி அலுவலர் வீடு கட்டினால் அது எந்த ஊரில் எழும்புகிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லா அலுவலரும் வாங்குகிறவர்கள் என்று சொல்லவில்லை. மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடக்கூடிய ஒருவரையும், காலத்துக்கும் அதே தெருவில் எங்கள் முகத்தில் விழித்தாக வேண்டிய ஒருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்கிறேன். காசுக் கணக்கும் இருக்கிறது. நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கு என்றே வருவது. 2016க்குப் பிந்தைய வருடங்களில் தேர்தல் இல்லாததால்தான் மத்திய நிதி நின்றது.

மரபும் சாதியும் பற்றிய உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைதோறும் சொல்கிறோம். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது என்ற விதி. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்தால்தான் பெயரை ஓலையில் எழுதுவார்கள். வடக்குத் தெரு அக்காவுக்கு அங்கே இடமில்லை.

எங்கள் கண்மாயும் அப்படித்தான். மடையைத் திறந்து மூடுகிறவர், வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வெள்ளத்தில் நடுராத்திரி கரையைச் சுற்றிவருகிறவர் எல்லாம் ஒரே சாதிக்காரர்கள், ஒரே தெருக்காரர்கள். அறுவடைக்கு அளந்து போடும் நெல்தான் கூலி. அவர்கள் அந்த வேலையை விட்டு வெளியேறியது சரி, அவர்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன். சமீப காலத்துக்கே வந்தாலும், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றதுதான் அவர் செய்த குற்றம். ஊர் தன்னைத் தானே ஆண்டுகொள்ளட்டும் என்று நான் எழுதும்போதெல்லாம் அந்த பஸ் நினைவுக்கு வந்துவிடும்.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்தாண்டு அங்கே முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. நடந்தாலும் ஒப்புக்கு ஒருவரை நிறுத்துவார்கள், ஜெயித்ததும் ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006இல்தான் அந்தக் கட்டு உடைந்தது. உடைத்தது ஊர் மரபு அல்ல, அரசு. அந்தப் பெருமை கருணாநிதிக்கு உரியது. 2021 காந்தி ஜெயந்தி அன்று முதல்வராக இருந்த ஸ்டாலின் அதே பாப்பாப்பட்டிக்குப் போய்க் கிராம சபையில் உட்கார்ந்தார். அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

பாப்பாப்பட்டி இருப்பது மதுரை மாவட்டத்தில். அது முதல் தவணை மாவட்டம். அங்கே இப்போது தலைவர் இல்லை. சாதிக்காரர்கள் பத்து வருடம் காலியாக வைத்திருந்த நாற்காலியை இன்று காலியாக வைத்திருப்பது யார்?

நல்லது எது என்று ஊரே தானாக முடிவெடுத்துவிடும் என்று நான் நம்பவில்லை. பதவி பட்டியல் சாதிக்கு, பெண்ணுக்கு என்று ஒதுக்குவது சட்டம்தான் செய்ய வேண்டிய வேலை. ஆனால் அப்படி வந்து உட்கார்ந்தவரின் அதிகாரத்தை அரசு எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டால் கூடுதலாக இழப்பவர் நேற்றுத்தான் நாற்காலியைப் பார்த்தவர். ஊர்ப் பெரிய மனிதருக்கு ஒன்றிய அலுவலகத்தில் எப்போதும் ஆள் உண்டு.

ராஜாஜிக்கு வருகிறேன். 1953இல் அவர் கொண்டுவந்தது பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற திட்டம். மலம் அள்ளுகிறவர் பிள்ளை எதைக் கற்கும் என்று அன்று கேட்டவர்கள் கேட்டது நியாயம். 1954இல் அவர் பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். நல்லதாகப் போயிற்று. என் பக்கத்திலிருந்து ஒன்று சேர்ப்பேன்: மரபுவாத அளவுகோலிலேயே அது தவறு. வீட்டில் தானாக நடந்தால்தான் அது வழக்கம். அரசாணை போட்டுக் கிராமப் பள்ளிகளிலெல்லாம் நடத்தினால் அதற்குப் பெயர் வேறு. பதவி விலகி ஐந்து வருடம் கழித்து, காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் விவசாயியின் நிலத்தைக் கூட்டுப்பண்ணைக்குள் தள்ளிவிடும் என்று சுதந்திராக் கட்சி தொடங்கினாரே, அந்த 1959 ராஜாஜி 1953 ராஜாஜியைப் பார்த்திருந்தால் லைசென்ஸ் பெர்மிட் ராஜ் (எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் ஆட்சி) என்று அவரையும் திட்டியிருப்பார்.

அவரிடம் நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. 1937இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். வருமானம் போனது. அதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார். கள்ளில் வரும் காசு வேண்டாம் என்றால் வேறு காசுக்கு வழி சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு அது. இன்று விற்பனை வரியும் உண்டு, 2003 முதல் சாராயக் கடையும் அரசாங்கமே நடத்துகிறது. டாஸ்மாக்கை மூடுவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிற யாரும் அடுத்த வரியைச் சொல்வதில்லை. (உடனே முழு மதுவிலக்கு சாத்தியம் என்று நானும் நினைக்கவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.)

கண்மாய் பற்றி ஒரு பத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். குடிமராமத்து என்பது பழைய ஊர் வழக்கம். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும். 1858இல் வெள்ளைக்காரன் அதைக் கட்டாய உழைப்புச் சட்டம் ஆக்கினான். வராதவனுக்குத் தண்டனை. சட்டம் தேவைப்பட்டது என்றாலே வழக்கம் நோயில் படுத்துவிட்டது என்று பொருள். இன்று நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, என்றால் நீர்வளத்துறைக் (முன்பு பொதுப்பணித்துறைக்) கண்மாய், கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் யூனியன் கண்மாய். ஊர்க் கண்மாய் என்று கணக்கில் ஒன்று கிடையாது. எங்களுடையது யூனியன் கண்மாய். 2017இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் அரசு திட்டம் போட்டபோது, பாசனதாரர் சங்கம் வேலையை எடுத்துச் செய்யும் என்றார்கள். எங்களுக்கும் சங்கம் பதிவானது. அதில் இருந்தவர்களில் இரண்டு பேருக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு குழி நிலம்கூட இல்லை. கரையில் மண் போட்டார்கள், உபரி நீர் வழியும் கலுங்கை யாரும் தொடவில்லை. அடுத்த மழையில் மண் உள்ளேயே வந்துவிட்டது.

அக்டோபர் 2 காந்தி ஜெயந்திக்கு உங்கள் ஊரில் கிராம சபை இருக்கும். 2026 அக்டோபர் வரை உங்களுக்குத் தலைவர் உண்டு. போய் முன் வரிசையில் உட்காருங்கள். வரவு செலவை வாசித்து முடித்ததும் அந்த மாடி வீட்டைப் பற்றிக் கேளுங்கள். பதில் என்ன வந்தது என்று எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.