மெர்ச்சன்டைசர் வேலைக்குப் போனால் டிசைனர் ஆசையை விட்டுவிட வேண்டுமா?

அன்புள்ள அக்கா,

கோவையில் ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார். கடைசி செமஸ்டருக்கு ஆறு உடைகள் கொண்ட ஒரு கலெக்‌ஷன் செய்ய வேண்டும். பட்டாம்பூச்சியை வைத்து வரைந்து கொடுத்தேன். “இந்த மாதிரி நிறையப் பார்த்தாச்சு, இதில் உன்னுடையது எது?” என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். திருப்பூரில் இன்டர்ன்ஷிப் போன கம்பெனியில், ஆர்டர் கொடுக்கிறவரோடு பேசித் துணிக் கணக்கும் விலையும் பார்க்கிற மெர்ச்சன்டைசிங்கில் உட்கார வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். ஆனால் அது எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை மாதிரிதான் தெரிகிறது. டிசைனர் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை. எந்த உடையை எதோடு சேர்த்துப் போடுவது என்று அமைக்கும் ஸ்டைலிங்கும் பிடிக்கும். மூன்றில் எதைப் பிடித்துக்கொள்வது? இங்கிலீஷும் அவ்வளவாக வராது. போர்ட்ஃபோலியோ போட்டோ ஷூட்டுக்கு மாடல், ஸ்டுடியோ எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அன்புத் தங்கைக்கு,

மெர்ச்சன்டைசிங்கைக் கணக்குப்பிள்ளை வேலை என்கிறாய். அதை முதலில் பேசிவிடுவோம்.

ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டை எடுத்துக்கொள். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 20, தையலுக்கும் மடிப்புக்கும் 10. ஆக 100. மார்பு அகலம் 50, அதற்கு அலவன்ஸ் 4. ஆக 54. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து, 160 ஜி.எஸ்.எம். துணியில், அதாவது ஒரு சதுர மீட்டர் 160 கிராம் இருக்கும் துணியில், கணக்குப் போட்டால் ஒரு பீஸுக்குச் சுமார் 173 கிராம் துணி பிடிக்கும். வேஸ்டேஜ் தனி. இந்தக் கணக்கை இன்டர்ன்ஷிப்பில் நீயே போட்டிருப்பாய். சரி, இப்போது டிசைனர் “நீளம் இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்” என்று 4 செ.மீ. கூட்டுகிறார். 173 கிராம் 180 ஆகிவிடும். ஏழு கிராம்தானே என்று தோன்றும். 10,000 பீஸ் ஆர்டரில் அது ஏறக்குறைய 70 கிலோ துணி. அந்த 70 கிலோவுக்கும் நூல் வாங்க வேண்டும், நிட்டிங் போட வேண்டும், சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டும், துணி பிறகு சுருங்காமல் இருக்கக் காம்பேக்டிங் செய்ய வேண்டும்.

ஆர்டர் கொடுத்த பையர் சொன்ன விலைக்குள் இது அடங்காது என்று தெரிந்ததும் யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். ‘இந்த நீளத்தில்தான் உடையின் அழகே இருக்கிறது, இதைத் தொடக் கூடாது, அதற்குப் பதில் பாக்கெட்டை எடுத்துவிடலாம்’ என்று சொல்ல, உடையைப் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அந்தக் கண் இல்லாத மெர்ச்சன்டைசர் எதைக் குறைப்பது என்று தெரியாமல் நல்ல டிசைனைக் கெடுத்துவிடுவார். கணக்குத் தெரியாத டிசைனர் வரைந்ததோ சாம்பிள் ரூமைத் தாண்டாது. உனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்திருக்கிறது. அதைக் குறைவாக நினைக்காதே.

கோகோ ஷனேலைப் பற்றிப் படித்திருப்பாய். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பெண்களுக்கு உடை தைக்க எடுத்தது ஜெர்சி துணி. அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் போன துணி, நம் பாஷையில் பனியன் துணி. போரில் மற்றத் துணிகளுக்குத் தட்டுப்பாடு, இது கிடைத்தது, விலையும் குறைவு. எந்தத் துணி கிடைக்கும், என்ன விலைக்கு, அது எப்படி விழும், யார் உடுத்துவார்கள் என்று ஒருவரே யோசித்ததால்தான் அந்த உடைகள் பிறந்தன. அதில் எது டிசைன், எது மெர்ச்சன்டைசிங் என்று உன்னால் பிரித்துக் காட்ட முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

அதனால் மூன்றில் ஒன்றை இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு துணியைப் பிடித்துக்கொள். அதை டிசைன், ஸ்டைலிங், மெர்ச்சன்டைசிங் மூன்று வழியாகவும் கடைசிவரை கொண்டுபோ. மேடம் கேட்ட “உன்னுடையது எது” என்ற கேள்விக்குப் பதில் அதிலிருந்து வரும்.

என்ன துணி என்பாய். திண்டுக்கல்காரி நீ. பஸ் ஏறினால் சின்னாளப்பட்டி, இன்னும் கொஞ்ச தூரம் போனால் மதுரை. சுங்குடியை வாசலிலேயே வைத்துக்கொண்டு பட்டாம்பூச்சியைத் தேடிப் போயிருக்கிறாய்! மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை அது. துணியை நகத்தால் துளி துளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். சாயம் தோய்த்துக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும். புதுச் சேலையைக் கையால் தடவிப் பார், புள்ளி இருக்கும் இடம் லேசாக மேடு தட்டும். இன்று கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் நிறைய அச்சுப் போட்டவை. அவற்றில் அந்த மேடு இருக்காது.

சுங்குடிச் சேலையை வெட்டிக் குர்தி தைக்கச் சொல்லவில்லை. அதைப் பலரும் செய்துவிட்டார்கள். நீ திருப்பூரில் வேலை பார்த்தவள். அந்த முடிச்சைப் பனியன் துணியில் போட்டால் என்ன ஆகும் என்று பார். நெய்த துணியில் புள்ளி எங்கே இருந்தாலும் வட்டமாகவே நிற்கும். பனியனுக்குப் போகும் சிங்கிள் ஜெர்சி அப்படி இல்லை. நீளவாக்கைவிட அகலவாக்கில் அதிகம் இழுபடும். மார்புப் பக்கம் இறுக்கமாக இருந்தால் அங்கே புள்ளி அகன்று முட்டை வடிவமாகும். தொளதொளவென்ற கையில் அதே புள்ளி வட்டமாகவே இருக்கும். உடம்பு அசைய அசையப் புள்ளி உருமாறும் உடை. இதை யாரும் உனக்கு வரைந்து காட்டவில்லை, துணிதான் காட்டுகிறது. எங்கே இறுக்கம், எங்கே தொளதொளப்பு, எந்த இடத்தில் புள்ளியே வேண்டாம் என்று நீ முடிவு செய்ய ஆரம்பித்துவிட்டால் அதுதான் உன் டிசைன்.

வரைவதற்கு முன் துண்டுத் துணியில் செய்து பார். 160 ஜி.எஸ்.எம்., 200 ஜி.எஸ்.எம். இரண்டிலும் அரை அரை மீட்டர். முடிச்சு சிறிது, நடுத்தரம், பெரிது. சிங்கிள் ஜெர்சியின் ஓரம் சுருண்டுகொள்ளும், அதற்கும் வழி பார்த்து வை. அப்புறம் சோப்புப் போட்டுத் துவைத்து, வெள்ளைத் துணியோடு சேர்த்து ஊறவைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார். சரியாக வராத துண்டையும் தூக்கிப் போடாதே. என்ன சாயம், எவ்வளவு நேரம், ஏன் சரியாக வரவில்லை என்று எழுதி ஒட்டி வை. போர்ட்ஃபோலியோவில் அந்த ஒரு பக்கம், இணையத்திலிருந்து படங்களை எடுத்து ஒட்டிய பத்து மூட் போர்டை விட நிறையச் சொல்லும். இன்டர்வியூவில் உட்கார்ந்து எத்தனையோ போர்ட்ஃபோலியோ புரட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முடிச்சுப் போடத் தெரிந்த பெண்களிடம் நேரில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள். அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடு. போர்ட்ஃபோலியோவில் ‘முடிச்சு வேலை இன்னார்’ என்று, அவர்கள் சம்மதித்தால், பெயர் போடு. முடிச்சு கூடக் கூட நேரமும் கூலியும் கூடும். ஒரு டாப்பில் எத்தனை புள்ளி என்பது அழகைப் பற்றிய முடிவு, காஸ்டிங்கைப் பற்றிய முடிவும்கூட. உன் ஆறு உடைகளில் ஒன்று முழுக்க முடிச்சு நிறைந்ததாக, பார்ப்பவர் நின்று பார்ப்பதாக இருக்கட்டும். மூன்று நான்கு, தோளிலோ கையிலோ மட்டும் புள்ளி வைத்து, ஒரு காலேஜ் பெண் வாங்கக்கூடிய விலையில் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் செலவுக் கணக்கை எழுதிய காஸ்ட் ஷீட் போட்டு உடையின் படத்துக்கு எதிர்ப் பக்கத்திலேயே வை. கடைசியில் கொண்டுபோய் ஒளிக்காதே.

அப்பாவை மறந்துவிட்டாயே! பிளவுஸ் தைக்கிறவர் கடையில் அளவு நோட்டு இருக்கும். ஆளுக்கு ஆள் தோள் சரிவு எப்படி மாறுகிறது, அளவு ஜாக்கெட்டை வைத்தே தைத்தும் ஏன் சிலருக்குக் கை இணையும் ஆம்ஹோல் இறுக்கிப் பிடிக்கிறது என்று அவரைக் கேள். உன் பேட்டர்னை முதலில் அவரிடம் காட்டு. கல்லூரியில் டம்மியில் மாட்டிப் பார்ப்பதோடு நிற்கும் விஷயத்தை அவர் தினமும் உயிருள்ள உடம்பில் பார்க்கிறார்.

ஸ்டைலிங்குக்கு வருகிறேன். இந்த டாப்பை யார், எங்கே, எதோடு போடுவார்கள் என்பதை முதலில் முடிவு செய். கழுத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துவிட்டு மேலே துப்பட்டா போட்டால் ஒன்றும் தெரியாது. அதை ஷூட் அன்றைக்குக் கண்டுபிடிப்பதைவிட, வரையும்போதே ஒரு துப்பட்டாவைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆறு உடைகளையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போட்டுப் பார்த்துப் போனில் படம் எடு. எது ஒட்டவில்லையோ அங்கே டிசைனில்தான் கோளாறு இருக்கும், பெரும்பாலும்.

இங்கிலீஷ் விஷயம் நீ நினைக்கும் அளவுக்குப் பெரிதில்லை. பையருக்குப் போகும் மெயில்கள் நாலு வரிதான், அதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வரும். சாயத்தின் மாதிரித் துண்டான லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று அனுப்பினோம், பி ஓகே, கொஞ்சம் டார்க் ஆக்கவும். ஃபிட் சாம்பிளில் தோள் ஒரு செ.மீ. குறைக்கவும். இப்படித்தான் போகும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயம் கடையின் டியூப் லைட்டில் வேறு வேறாகத் தெரியலாம். விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்து அதைக் கவனித்துச் சொல்லத் தெரிந்தவளிடம் யாரும் இலக்கணம் கேட்பதில்லை. உடையின் அளவும் விவரமும் எழுதிய டெக் பேக்கில் வரும் சொற்களை முதலில் பழகு. பேச்சு தானாக வரும்.

வேலைக்குப் போகலாமா என்றால், போ என்றுதான் சொல்வேன். ஆனால் சேரும் முன் ஒன்று கேட்டுக்கொள்: “சாம்பிளிங் யார் பார்க்கிறார்கள்? நான் சாம்பிள் ரூமில் உட்காரலாமா?” அதற்கு ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம் தாராளமாக இரு. கட்டிங் மாஸ்டரும் சாயப்பட்டறைக்காரரும் சொல்லித் தருவதை எந்தக் கல்லூரியும் தராது. எக்ஸெல்லை நிரப்புவதும் “எப்போ வரும்” என்று வெளியே கூலிக்கு வேலை எடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் ஆட்களுக்குப் போன் போடுவதும் மட்டும்தான் வேலை என்றால், வேறு கம்பெனி பார். திருப்பூரில் கம்பெனிக்கா பஞ்சம்? இன்னொன்று, மெர்ச்சன்டைசிங் என்றால் எக்ஸ்போர்ட் மட்டும் இல்லை. ஒரு துணிக்கடை அடுத்த சீசனுக்கு எதை, எந்த சைஸில், எவ்வளவு வாங்குவது என்று திட்டமிடுவதும் அதுதான். கடை ஜன்னலில் உடையை அமைக்கும் விஷுவல் மெர்ச்சன்டைசிங்கும் உண்டு. உனக்கு ஸ்டைலிங் பிடிக்கும் என்பதால் அதையும் மனதில் வை.

கடைசியாக, அந்த 25,000. அப்பா கடன் வாங்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்தப் போர்ட்ஃபோலியோவுக்கு ஸ்டுடியோ தேவையில்லை. தோழிகளில் இரண்டு பேரைக் கேள், ஒருத்தி ஒல்லியாகவும் ஒருத்தி பருமனாகவும் இருந்தால் நல்லது. துணி எப்படி விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும். படத்தை எங்கே போடப்போகிறாய் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள். காலை வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் நிற்கவை. உடையை நன்றாக அயர்ன் செய்து, முதுகுப் பக்கம் கிளிப் போட்டுச் சுருக்கம் எடு. ஆனால் ஃபிட்டைக் காட்டும் படத்தில் கிளிப் போடாதே, அது பொய்யாகிவிடும். போன் கேமரா சில நேரம் நீலத்தை ஊதாவாகக் காட்டும். அதனால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து முதல் படம் எடுத்து, திரையில் தெரியும் நிறத்தைக் கையிலிருக்கும் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றதை எடு. அப்பா கையில் மிச்சம் வைத்திருக்கும் பணம் ஏதாவது இருந்தால் துணிக்கும் சாயத்துக்கும் முடிச்சுக் கூலிக்கும் வாங்கிக்கொள்.

துண்டுத் துணி தயாரானதும் ஸ்கெட்ச் எதுவும் இல்லாமல் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடத்தைப் பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா