சாவிக்கீறலும் டூத்பேஸ்ட்டும்

கேள்வி: என் வெள்ளைக் காரின் கதவில் யாரோ சாவியால் ஒரு முழ நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டார்கள். டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்கிறார் மைத்துனர். உண்மையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பேஸ்ட்டைப் பல்லுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மேலே உள்ள கிளியர் கோட்டில்தான் (நிறமில்லாத மேல்பூச்சு) காயம், பாலிஷ் போதும். நகம் சிக்கினால் ஆழம். உள்ளே தகரம் மின்னுகிறதா? அப்படியானால் மழைக்கு முன் மூடிவிடுங்கள். துரு பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவும். என் பழைய காரில் நெல் அளவு கீறலைச் சோம்பலில் விட்டேன். இரண்டு மழைக்காலத்தில் பொங்கிக் கொப்புளமாகிவிட்டது.

ஆழமான கீறலுக்கு டச்-அப் பெயின்ட் பாட்டில் வாங்க, உங்கள் காரின் நிறக் குறியீடு வேண்டும். அது பெரும்பாலும் கதவுத் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும். 'வெள்ளைதானே' என்று கண்ணளவில் வாங்காதீர்கள், வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, துரு இருந்தால் உப்புத்தாளால் சுரண்டி, பிரைமர் (அடிப்பூச்சு) தொட்டு வையுங்கள். பிறகு பெயின்ட். பாட்டிலோடு வரும் பிரஷ் தடிமன். பல்குத்தும் குச்சி முனைதான் எனக்குக் கைவந்தது. ஒரே பூச்சாக அப்பினால் மேடு தட்டும். மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கடைசியில் கிளியர் கோட்.

கிட்டே போனால் தழும்பு தெரியும். அதுவும் உறுத்தினால் அந்தக் கதவை முழுதாக ஸ்ப்ரே செய்யத்தான் வேண்டும். இன்சூரன்ஸில் கேட்குமுன், நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பொதுவாகப் போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அப்புறம், மெட்டாலிக் நிறம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குச்சியை எடுக்காதீர்கள், பெயின்டரிடம் போங்கள்.